அரை மணியில் முடிகிற புத்தகம்

இண்டூர்
9-6-2025

அன்புள்ள கனிக்கு,

உன் அண்ணி சோபனா எழுதுவது. ஆறு வருஷமாகப் பேச்சில்லாமல் இருந்துவிட்டு இப்போது திடீரென்று கடிதமா என்று நினைப்பாய். நினைத்துக்கொள், ஆனால் கிழித்துப் போடாமல் படித்துவிடு. இதைக் கொண்டுவருகிற லூர்துமேரி டீச்சர் எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறார். பாலக்கோட்டுப் பள்ளிக்கூடத்தில் வேலை. தினமும் உன் நூலகத்தைத் தாண்டித்தான் போய்வருகிறாராம். போனில் பேசினால் உன் அண்ணன் காதில் விழுந்துவிடும். எங்கள் வீட்டில் எந்த மூலையில் நின்று குசுகுசுத்தாலும் அவர் கட்டிலுக்குக் கேட்கிறது.

அண்ணனுக்கு நடந்தது உனக்கும் தெரிந்திருக்கும். போன மாதம் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பின்னால் வந்த லாரி அவர் லாரியை இடித்ததில் கேபினில் தலை மோதிவிட்டது. சேலத்தில் வைத்துப் பார்த்தோம். உயிருக்கு ஒன்றும் இல்லை என்று மூச்சு விட்டால், ஆஸ்பத்திரியிலேயே ஒரு தடவை வலிப்பு வந்துவிட்டது. கார்த்திகை வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். “மறுபடியும் வரலாம், அதுவும் வண்டி ஓட்டும்போது வந்தா...” என்றவர் மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் என்னவென்று நான்தான் தினமும் நினைத்து நினைத்துத் தூங்காமல் கிடக்கிறேன்.

இவர் அடங்குகிற ஆளா? “எனக்கு வந்தது வலிப்பே இல்ல, வெறும் மயக்கம். டாக்டருக்கு என்னா தெரியும்” என்கிறார். காலையில் எழுந்ததும் சாவி இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தடவுகிறார். தெருவில் லாரிச் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போய் நிற்கிறார். போனும் டி.வி.யும் பார்க்கக் கூடாது, தலைவலி வந்துவிடுகிறது. புத்தகம் என்றால் ஒரு வேளைக்கு அரை மணி நேரம் படிக்கலாம் என்றார் டாக்டர். அதைக் கேட்டு உன் அண்ணன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பத்தாவதுக்கு அப்புறம் அவர் படித்ததெல்லாம் மைல் கல்லும் டோல்கேட் போர்டும்தான்.

ஆனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. கார்த்திகை வரைக்கும் இந்த மனுஷனைக் கட்டிலில் உட்கார வைக்க ஏதாவது வேண்டும். அரை மணியில் முடிகிற மாதிரி புத்தகம் இருந்தால் அனுப்பு. உன்னிடமிருந்து வருகிறது என்று தெரிந்தால் அடுப்பில் போட்டுவிடுவார். டீச்சருடைய பள்ளிக்கூடத்துப் புத்தகம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணி
சோபனா

பாலக்கோடு
11-6-2025

அன்புள்ள அண்ணி,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. இரண்டு முறை படித்தேன்.

விபத்துச் செய்தி எனக்கு டீக்கடைப் பேச்சாகத்தான் வந்தது. அன்றே சேலத்துக்கு வந்தேன். ஆஸ்பத்திரி வாசல்வரை வந்துவிட்டு, என்னைப் பார்த்தால் அவருக்குக் கோபம் ஏறி இன்னும் கெட்டுவிடுமோ என்று பயந்து அப்படியே பஸ் ஏறித் திரும்பினேன். உங்களுக்குத் தெரியட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

புத்தக விஷயத்துக்கு வருகிறேன். என் நூலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் படிக்கப் பிடிக்காதவர்கள். மின்விசிறிக்காகவும் வேலைவாய்ப்புச் செய்திக்காகவும் வருவார்கள். அவர்களிடம் நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயம் உண்டு. படிக்காதவர் முதலில் பார்ப்பது தலைப்பையோ படத்தையோ அல்ல, புத்தகத்தின் முதுகைத்தான். விரல் தடிமன் இருந்தால் எடுத்த வேகத்தில் வைத்துவிடுவார். அதனால் நடுவில் பின் அடித்த சின்னப் புத்தகங்களாகத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். நூலக முத்திரை இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் எல்லாம் என் சொந்தப் புத்தகங்கள். இங்கே உறுப்பினர் இல்லாதவர்கள் ஆதார் அட்டையையோ லைசென்ஸையோ என் மேஜையில் வைத்துவிட்டுத்தான் புத்தகம் எடுத்துப் போக வேண்டும். நீங்கள் எதையும் அடமானம் வைக்க வேண்டாம்.

மூன்று வைத்திருக்கிறேன். ஒன்று, வாழ்க்கையில் முன்னேறுவது பற்றி. அதில் எனக்கே நம்பிக்கை இல்லை, ஆனால் ஆண்கள் கேட்டு வாங்கிப் போகிறார்கள். இரண்டாவது, காட்டு மிருகங்கள் பற்றி, படங்களோடு. மூன்றாவது, பலாப்பழம் திருடப் போனவன் மரத்திலேயே மாட்டிக்கொள்கிற கதை. கீழே மரத்துச் சொந்தக்காரன் கட்டிலைப் போட்டுத் தூங்குவான்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். “படிங்க” என்று சொல்லிவிடாதீர்கள். கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். படித்தாரா என்றும் கேட்காதீர்கள்.

கனிமொழி

இண்டூர்
20-6-2025

அன்புள்ள கனிக்கு,

உன் முன்னேற்றப் புத்தகம் முன்னேறிப் போய்க் கோழிக்கூண்டு மேல் விழுந்தது. முதல் பக்கத்தில் ‘எழுந்து நில், உன்னால் முடியும்’ என்று போட்டிருக்கிறான் பாவி. “பாத்தியா, புத்தகமே சொல்லுது, என்னால முடியுமாம். சாவிய குடு” என்று ஆரம்பித்துவிட்டார். அந்த ஒரு வரியை அழிக்க எனக்கு ஒரு நாள் சண்டை ஆனது. யானைப் படம் போட்ட புத்தகத்தைப் பார்த்துவிட்டு, “என்னைய எல்.கே.ஜி.ல சேத்துட்டியா?” என்றார். அதையும் தூக்கி வைத்துவிட்டேன்.

பலாப்பழத் திருடனை நீ சொன்ன மாதிரியே கட்டில் ஓரத்தில் வைத்தேன். இரண்டு நாள் வைத்த இடத்திலேயே கிடந்தது. மூன்றாம் நாள் நான் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டு வந்து பார்த்தால் வேறு பக்கமாகக் கிடக்கிறது. எடுத்து உதறினேன், உள்ளேயிருந்து வேர்க்கடலைத் தோல் கொட்டியது! கடைசிப் பக்கம் வரைக்கும் கடலைத் தோல் கனி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று சோறு போடும்போது அவராகவே, “அந்தத் திருட்டுப் பயல் எறங்கியிருக்கலாம், மரத்துக்காரன் முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தான், அவனுக்கும் தெரியும்” என்றார். எந்தத் திருடன் என்று நான் ஒன்றும் தெரியாத மாதிரி கேட்டேன். “ஒண்ணுமில்ல, கொழம்பு ஊத்து” என்றார்.

ஆனால் கனி, ஒரு பயம். “டீச்சரம்மா தெனம் மாதா கோயிலுக்குப் போறவங்க, திருடன் கதையா குடுத்து அனுப்புறாங்க?” என்று கேட்டார். யாரோ பையன் விட்டுப்போனதாக இருக்கும் என்று மழுப்பினேன். அவர் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னும் ஐந்தாறு அனுப்பு. சீக்கிரம். லாரி ஓனர் அறிவழகன் போன் போட்டு, உடம்பு எப்படி, எப்போது வருவார் என்று கேட்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, டிரைவர் கிடைக்காமல் அவரும் திண்டாடுகிறார். இன்னும் எழுந்து நடக்கவே இல்லை என்று புளுகிவிட்டேன்.

சோபனா

பாலக்கோடு
24-6-2025

அன்புள்ள அண்ணி,

கடலைத் தோல் பற்றிப் படித்ததும் மேஜையில் உட்கார்ந்தபடியே சிரித்துவிட்டேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். சின்ன வயதில் அவருடைய பாடத்தை நான் சத்தமாகப் படிப்பேன், அவர் கடலை உரித்துக்கொண்டே கேட்பார். தோல் என் பாவாடையில் விழும்.

ஆறு புத்தகங்கள் வைத்திருக்கிறேன். எல்லாமே முதல் வரியிலேயே ஏதாவது நடந்துவிடுகிற கதைகள். சூரியன் உதிக்கிறது, பறவைகள் பாடுகின்றன என்று தொடங்குகிறவற்றைத் தள்ளிவிட்டேன். கடைசியில் நீதி சொல்கிறவையும் இல்லை. நீதி சொன்னால் அவர் எதிர்வாதம் செய்வார் என்பது உங்களுக்கே தெரிந்துவிட்டது. லாரி, விபத்து, ஆஸ்பத்திரி எதுவும் வராமல் பார்த்துக்கொண்டேன். முதலில் கிணற்றுக்குள் விழுந்த மாப்பிள்ளையைக் கொடுங்கள், சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவன் கதையைக் கடைசியாக வையுங்கள். அது கொஞ்சம் கனமானது, பழகிய பிறகு படிக்கட்டும்.

எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். மறைத்து மறைத்து இதைச் செய்வது எனக்கு உறுத்துகிறது. அண்ணன் என்னோடு பேசாமல் போனதே நான் மறைத்ததால்தானே?

அப்பா இறந்த அன்று அண்ணன் நாக்பூரிலிருந்து லோடு ஏற்றி வந்துகொண்டிருந்தார். ஓட்டுகிறவனுக்குக் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்பது லாரிக்காரர் வீடுகளில் எல்லாம் இருக்கிற வழக்கம். பெரியவர்கள் அதைத்தான் சொன்னார்கள். நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள், உங்களால் பேச முடியாது என்று போனை என் கையில் கொடுத்தீர்கள். வழிநெடுக அவர் தூங்கிவிடக் கூடாது, வேகமாக ஓட்டக் கூடாது என்று அடிக்கடி கூப்பிட்டேன். “சாப்டியாண்ணா? எங்க வந்துட்ட?” அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். சந்தேகம் வரக் கூடாதென்று சிரித்துக்கூடப் பேசினேன். அப்பா பக்கத்தில்தான் கிடந்தார். இரண்டு நாள் வைத்திருக்க முடியாது என்று எடுத்துவிட்டார்கள். மூத்த மகன் வைக்க வேண்டிய கொள்ளியைப் பெரியப்பா மகன் வைத்தான். அண்ணன் வந்து நின்று என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை, “அப்பன பக்கத்துல போட்டுக்கிட்டு எங்கிட்ட சிரிச்சிப் பேசுனியேடி.”

நான் செய்தது தவறு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. அவர் முழுசாக வீடு வந்து சேர்ந்தார். ஆனால் போனை என் கையில் கொடுத்தது யார் என்று இந்த ஆறு வருஷத்தில் ஒரு நாளாவது அவரிடம் சொன்னீர்களா அண்ணி? கோபமாக எழுதவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

கனிமொழி

இண்டூர்
7-7-2025

கனிக்கு,

நீ கேட்டாயே, போனைக் கொடுத்தது நான்தான் என்று அவரிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன. அந்தக் கோபம் என் பக்கம் திரும்பினால் நான் எங்கே போவேன் என்று இருந்துவிட்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது சரியாகத்தான் இருக்கிறது. அதைப் பிறகு பேசலாம். இப்போது தலைக்கு மேல் வெள்ளம்.

ஐந்து புத்தகம் நன்றாகப் போனது. கிணற்றில் விழுந்த மாப்பிள்ளையை இரண்டு தரம் படித்தார். ஒருநாள் எனக்கே வாசித்துக் காட்டினார், எழுத்துக் கூட்டித்தான், ஆனால் சத்தமாக. தலைவலிகூட முன்னைப்போல் இல்லை. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

நேற்று அறிவழகன் நேரிலேயே வந்துவிட்டார். இவர் வாசலில் நின்று புங்கமரத்தடியில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். எழுந்தே நடக்கவில்லை என்று சொன்ன என் முகத்தை நான் எங்கே வைத்துக்கொள்வது? “நல்லாத்தான இருக்கிற மாதவா. பாலக்கோட்டுல தக்காளி நிக்குது, அழுகிடும். கேரளாவுக்கு ஒரே ஒரு நடை. வியாழக்கெழம வந்துரு” என்றார். இவர் உடனே சரி என்றார். கேரளா என்றால் தொப்பூர் இறங்கித்தான் போக வேண்டும் கனி. அதே கணவாய், அதே இறக்கம். நான் காலைப் பிடித்து அழுதும் பார்த்துவிட்டேன். “போறவன அழுது அனுப்பாத” என்கிறார்.

இதில் உன் புத்தகம் வேறு. சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவன் கதையை நேற்று சாயங்காலம் எடுத்தார். வீட்டு நாய் அவன் பின்னாலேயே வருகிறது, கல்லால் அடிக்கிறான், கட்டிப்போடுகிறான், அறுத்துக்கொண்டு வருகிறது, ஏன் வருகிறது என்றே தெரியவில்லை. ‘நான்காம் நாள் சந்தை வாசலில் அவன் திரும்பிப் பார்த்தான். நாய்’ என்பதோடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் தாளே இல்லை! கிழிந்து போயிருக்கிறது. பார்க்காமலா அனுப்பினாய்? அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. “நாய் என்னா ஆச்சு? முழுப் புத்தகமா குடுக்கத் தெரியாதா அந்த டீச்சருக்கு? போய்க் கேட்டுட்டு வா” என்று கட்டிலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறார்.

நான் அந்தக் கோபத்தையே பிடித்துக்கொண்டேன். “வர்ற வாரம் டீச்சர் முடிவக் கொண்டாருவாங்க, அத தெரிஞ்சிக்கிட்டுப் போவலாமே” என்றேன். “வியாழனுக்குள்ள வந்தா படிக்கறேன். அதுக்கு மேல நிக்க மாட்டேன்” என்றார். கொஞ்சமாவது யோசிக்கிறார் பார்த்தாயா? நீ அனுப்புகிற முடிவு நன்றாக இருந்தால், அப்படியே இன்னொரு புத்தகத்தையும் கையில் கொடுத்து எப்படியாவது நிறுத்திவிடுவேன். அந்தத் தாளைத் தேடி அனுப்பு. உன் காலில் விழுகிறேன்.

சோபனா

பாலக்கோடு
8-7-2025

அன்புள்ள அண்ணி,

அந்தத் தாள் இல்லை. அது சேலத்துப் பழைய புத்தகக் கடையில் எப்போதோ வாங்கியது. முதல் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேனே தவிர, கடைசித் தாளைப் பார்க்கவில்லை. முன்பு படித்ததுதான், ஆனால் முடிவு நினைவில் இல்லை. எழுதியவரை யாருக்கும் தெரியவில்லை, பதிப்பகமும் இப்போது இல்லை. தெரிந்த நூலகங்களுக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்துவிட்டேன்.

அதனால் நானே ஒரு முடிவு எழுதியிருக்கிறேன். என் கையெழுத்து அவருக்குத் தெரியும். நீங்கள் பார்த்து உங்கள் கையால் எழுதி, டீச்சர் வேறு பிரதியிலிருந்து சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன் என்று சொல்லுங்கள். எல்லாரும் சௌக்கியமாக இருந்தார்கள் என்று முடிக்கத்தான் முதலில் பார்த்தேன். அவர் நம்பமாட்டார், புத்தகத்தை வீசிவிட்டுப் போய்விடுவார். வேறு முடிவு எனக்கு எழுத வரவில்லை. இதைப் படித்து மனசு உடைந்து போய்விடுவாரோ என்றும் பயமாக இருக்கிறது. அனுப்பாமல் இருந்தால் வியாழக்கிழமை வந்துவிடும். இரண்டு பயத்தில் இது சின்னது என்று நினைத்து அனுப்புகிறேன்.

முடிவு இதுதான்:

‘நாய் அவன் வேட்டியைக் கவ்வி வந்த வழியே இழுத்தது. வீட்டை விட்டு நகராத நாயாயிற்றே என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மாடுகளைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுத் திரும்பினான். மூன்று நாளும் நாய் முன்னால் நடந்தது. அவன் உட்கார்ந்தால் உட்கார்ந்தது, அவன் கண்ணயர்ந்தால் குரைத்து எழுப்பியது.

வீட்டு வாசலில் கோலம் இல்லை. அவன் மாடு ஓட்டிப் புறப்பட்ட அன்றைக்கே அவன் தாய் செத்துப் போயிருந்தாள். ஊர் கூடி அடக்கம் செய்து முடித்திருந்தது. அவன் கட்டையை எடுத்து நாயின் மேல் ஓங்கினான். “தெரிஞ்சிதான கூட வந்த? ஏன் சொல்லல?”

நாய் ஓடவில்லை. நின்ற இடத்தில் அதன் காலடியில் ரத்தம் பட்டிருந்தது. போக மூன்று நாள், வர மூன்று நாள். அதற்கு வாய் இல்லை. இருந்திருந்தாலும் காட்டு வழியில் தனியாகப் போகிறவனிடம் அதைச் சொல்லியிருக்காது. கூட நடக்க மட்டும்தான் அதனால் முடிந்தது. அவன் கட்டையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து, அதன் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். “சாப்டியா?” என்று கேட்டான். “எங்க வந்துட்ட?” என்று கேட்டான்.’

அவ்வளவுதான் அண்ணி. கூடவே சிரிக்கிற மாதிரி இன்னொரு சின்னப் புத்தகமும் வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கம் இருக்கிறது, பார்த்துவிட்டேன். அவர் இதைப் படித்து முடித்த உடனே அதைப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

கனிமொழி

இண்டூர்
10-7-2025

கனி,

அவசரத்தில் எழுதுகிறேன், கோணலாக இருந்தாலும் படித்துக்கொள். டீச்சர் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் என்னால் பேச முடியாது. டீச்சர் பஸ்ஸுக்குக் கிளம்புகிறார், அதனால் இதை எழுதிக் கொடுக்கிறேன்.

நேற்று நீ எழுதியதை அப்படியே என் கையால் எழுதிக் கொடுத்தேன். கடலைகூட எடுக்காமல் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் திரும்ப மேலே போய்ப் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். “ஏ புள்ள, வூட்டு வாசல்ல நிக்கிற நாயப் பாத்து எவனாவது எங்க வந்துட்டன்னு கேப்பானா? இது கத எழுதுறவன் பேச்சில்ல. இது போன்ல பேசுற பேச்சு. இத எழுதுனது யாரு?” என்றார்.

எழுதும்போது எனக்கு அது உறைக்கவே இல்லை கனி. அவசரத்தில் பார்த்துப் பார்த்து எழுதிவிட்டேன். நின்றது நின்றபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புத்தகமெல்லாம் நீ அனுப்பியது என்றும் சொன்னேன். அன்றைக்குப் போனை உன் கையில் கொடுத்தது நான்தான் என்றும் சொன்னேன். என்னை அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பிடவும் இல்லை.

காலையில் நான் பால் கறந்துவிட்டு வந்து பார்த்தால் கட்டில் காலி. ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையைக் காணவில்லை. பஸ் ஸ்டாப்பில் கேட்டேன், பாலக்கோட்டுக்குப் போகணும் என்று சொல்லி தர்மபுரி பஸ்ஸில் ஏறினாராம். இன்றைக்கு வியாழக்கிழமை. தக்காளி லாரி பாலக்கோட்டில்தான் நிற்கிறது. நீ புத்தகத்தை மூடிவிட்டுத் தக்காளி மண்டிக்கு ஓடு. அவர் உன்னை அடித்தாலும் பரவாயில்லை, வண்டிக்கு முன்னால் போய் நில்லு. கதை கிதை ஒன்றும் வேண்டாம். என் புருஷனை நிறுத்து.

சோபனா

பாலக்கோடு
10-7-2025

அன்புள்ள அண்ணி,

முதலில் பயப்படுவதை நிறுத்துங்கள். அண்ணன் எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். டீச்சர் வந்து கடிதத்தைக் கொடுத்தபோதே இங்கேதான் இருந்தார். அதைத்தான் டீச்சர் உடனே உங்களுக்குப் போனில் சொன்னார். நடந்தது முழுவதையும் நான் எழுதுகிறேன்.

காலையில் பூட்டைத் திறக்க வந்தேன். வாசல் படியில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்ததால் எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. சாவியைப் பூட்டில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். உங்கள் போன் வந்ததும் அப்போதுதான். பையில் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

மண்டிக்குத்தான் முதலில் போனாராம். அறிவழகன் சாவியைக் கொடுத்திருக்கிறார். ஏறிக்கூட உட்கார்ந்துவிட்டாராம். “ஏறி உக்காந்தேன். அந்த நாயி முன்னால வந்து நிக்கிறாப்பல இருந்திச்சி. முடிவு தப்பா இருக்குதேன்னு ஒரே ரோசன. அத கேட்டுட்டுப் போலாம்னு எறங்கி வந்தேன்” என்றார்.

“என்னா தப்பு?” என்றேன். ஆறு வருஷத்துக்கப்புறம் நான் அவரோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“நாய் சொல்லியிருக்கணும்.”

“வாயில்லாத சீவன் எப்படிச் சொல்லும்? சொல்லியிருந்தா அவன் பாதி வழியிலயே விழுந்திருப்பான்.”

“விழுந்தா விழுந்துட்டுப் போறான். எழுந்து வந்து எங்கப்பன் மூஞ்ச பாத்திருப்பேன்.”

கதையில் செத்தது தாய். எங்கப்பன் என்று வாயில் வந்ததை அவரும் கவனித்தார், நானும் கவனித்தேன். பேப்பர் படிக்க வந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார். நான் அழுதேன் அண்ணி, மறைக்கவில்லை. மறுபடியும் அதே நிலைமை வந்தால் மறுபடியும் சொல்லாமல் சிரித்துத்தான் பேசுவேன் என்றும் சொல்லிவிட்டேன். “பேசுவ, நீ பேசுவ” என்றார். “அப்பா வெசயத்த நான் மறக்கல. அத நீயும் எதிர்பாக்காத. ஆனா அன்னிக்கி ராத்திரி ரெண்டு எடத்துல எனக்குக் கண்ணு சொருகிச்சி. ரெண்டு தரமும் உன் போனுதான் எழுப்புச்சி. அத உங்கிட்ட சொல்லவே இல்ல.”

சாப்பிட்டாயா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். டீக்கடையிலிருந்து இட்லி வாங்கி வந்து கொடுத்தேன். உங்களைப் பற்றிக் கேட்டதற்கு, “அவகிட்ட நான் பேசிக்கறேன்” என்றார். குரலில் கோபம் இருந்தது, ஆனால் பயப்படுகிற அளவுக்கு இல்லை.

சாப்பிட்டுவிட்டு அலமாரி அலமாரியாக நடந்து பார்த்தார். ஒவ்வொரு புத்தகத்தின் முதுகையும் விரலால் தடவிக்கொண்டே போனார். “திரும்பிப் போறப்ப பஸ்ஸுல படிக்க ஒண்ணு குடு. சின்னதா” என்றார். நான் வழக்கம் மாறாமல், உறுப்பினர் இல்லாதவர்கள் ஏதாவது அட்டையை வைத்துவிட்டுத்தான் புத்தகம் எடுத்துப் போக முடியும் என்றேன். “கூடப் பொறந்தவனுக்குமா?” என்றார். “யாரா இருந்தாலும்தாண்ணா” என்றேன். சட்டைப் பையைத் தடவினார். நீங்கள் எழுதியிருந்தீர்களே, அப்படித்தான். பையில் அவருடைய லைசென்ஸ் மட்டும்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் மேஜையில் வைத்தார்.

“இத வச்சிக்க. புத்தகத்தத் திருப்பிக் குடுத்துட்டு வாங்கிக்கறேன்.”

அறிவழகனுக்கு என் போனிலிருந்து அவரே பேசி, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நான் இதை எழுதி முடிக்கிறவரை உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கடிதத்தை டீச்சர் கையில் கொடுக்கப் போவதில்லை. அவர் கையிலேயே, அந்தப் புத்தகத்துக்குள் வைத்துத் தருகிறேன். வழியில் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும்.

சின்னதாகத்தான் கேட்டார். நான் நாற்காலி போட்டு ஏறி, மேல் தட்டில் கிடந்ததிலேயே குண்டான புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தேன். வாங்கிக் கையில் எடை பார்த்தார். பிரித்து, கடைசித் தாள் இருக்கிறதா என்று பார்த்தார்.

“இத முடிக்கக் கார்த்திகை ஆயிடும் போலருக்குதே கனி” என்றார்.

“ஆவட்டும்ணா” என்றேன்.

கனிமொழி